பாதை முடியும் இடத்தில்: தென்மேற்குத் தஸ்மேனியா

அவுஸ்திரேலியாவின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அதன் தென்கிழக்கு மூலையில், பெரிய நிலத்திலிருந்து கழன்று கடலுக்குள் விழுந்தது போல ஒரு தீவு தெரியும். அதுதான் தஸ்மேனியா. அவுஸ்திரேலியாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் அது சிறியதாகத் தெரிகிறது. உண்மையில் அது ஏறத்தாழ நமது இலங்கையின் அளவு. நாம் இரண்டு கோடிக்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து வாழும் அளவு நிலத்தில் அங்கே ஆறு இலட்சம் பேர்கூட இல்லை. அவர்களிலும் பெரும்பாலானோர் கிழக்கிலும் வடக்கிலும்தான் வாழ்கிறார்கள். தென்மேற்குப் பக்கம் நாட்கணக்காக நடந்தாலும் ஒரு வீட்டையோ வேலியையோ விளக்கு வெளிச்சத்தையோ காணமுடியாது.

எங்கள் வாசகிகளில் பலருக்கு மெல்பேர்னில் பிள்ளைகளோ சகோதரர்களோ இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் கடைத்தெருக்களையும் கோயில் திருவிழாக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவதுண்டு. மெல்பேர்னிலிருந்து விமானத்தில் ஒரு மணித்தியாலமும் சிறிது நேரமும் பயணித்தால் தஸ்மேனியாவின் தலைநகரான ஹோபார்ட் வந்துவிடும். ஜீலோங் துறைமுகத்திலிருந்து இரவுக் கப்பலிலும் செல்லலாம். அதனால்தான் இந்த இடத்தைப் பற்றி எழுதத் தோன்றியது.

எதைப் பார்க்கலாம், எங்கே தங்கலாம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த வனத்தைப் பற்றி வாசிக்க வாசிக்க ஒரு விடயம் மனதை விட்டு அகலவில்லை. இங்கே இன்று நாம் பார்க்கக் கிடைப்பவற்றுள் பல, யாரோ சிலர் பிடிவாதமாக நின்றதால் மிஞ்சியவை. எல்லாவற்றையும் விட அழகானது என்று பார்த்தவர்கள் சொல்லும் இடமோ இன்று தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அதைக் காப்பாற்றப் புறப்பட்ட ஒரு பெண்மணி திரும்பி வரவேயில்லை.

வீதி முடியும் இடம்

ஹோபார்ட்டிலிருந்து தெற்கே செல்லும் வீதி அப்பிள் தோட்டங்களைக் கடந்து, ஹியூவன் ஆற்றைக் கடந்து, கடைசியில் மண்பாதையாகி கொக்கிள் கிரீக் என்னுமிடத்தில் நின்றுவிடுகிறது. வாகனத்தில் செல்லக்கூடிய அவுஸ்திரேலியாவின் தென்கோடி இதுதான். இங்கே வெண்கலத்தாலான திமிங்கிலக் குட்டி ஒன்றின் சிலை இருக்கிறது. முன்பு இந்தக் குடாவில் திமிங்கிலங்களை வேட்டையாடிக் கொழுப்புக் காய்ச்சினார்கள். அதன் நினைவாக வைத்தது. இங்கிருந்து இரண்டு மணித்தியாலம் நடந்தால் தென்முனைக் குடா என்னும் கடற்கரை வரும். அதற்கப்பால் அந்தாட்டிக்கா வரை பெருங்கடல்தான். பெரிய மலையேற்றம் எதுவும் இல்லாத பாதை என்பதால் நடக்கப் பழகிய எவரும் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிவிடலாம்.

கொக்கிள் கிரீக் அமைந்திருக்கும் குடாவுக்கு ரெஷேர்ஷ் என்று பெயர். அது ஒரு பிரெஞ்சுக் கப்பலின் பெயர். காணாமற்போன மாலுமி லா பெரூஸைத் தேடிப் புறப்பட்ட பிரெஞ்சுக் குழு 1792 இலும் 1793 இலும் இங்கே தங்கியது. அக்கப்பலில் உணவுப் பொறுப்பாளராக வேலை செய்த ஒருவர் உண்மையில் ஒரு பெண். லூயிஸ் ஜிரார்டின் என்பது அவரது பெயர். ஆணுடையில் மாறுவேடமிட்டுக் கப்பலேறியவர். உடன் வந்தவர்கள் பலருக்குச் சந்தேகம் இருந்தும் கடைசிவரை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஊர் திரும்பாமலே 1794 இல் நோயுற்று இறந்தார். தஸ்மேனிய மண்ணை மிதித்த முதல் ஐரோப்பியப் பெண் அவராகத்தான் இருக்கவேண்டும் என்கிறார்கள். இங்கே ஒரு கேள்வி எழுகிறது: ஊரைவிட்டு, உருவத்தை மாற்றி, உலகத்தின் மறுகோடிவரை ஓடிவர அந்தப் பெண்ணை எது துரத்தியிருக்கும்?

ஆனால் அவர் வரும்போது இந்தக் கரை ஆளில்லாத கரையாக இருக்கவில்லை. 1793 இல் பிரெஞ்சுக்காரர் இங்கே ஆதிக்குடி மக்களைச் சந்தித்துப் பழகினார்கள். அவர்களை வியக்கவைத்த காட்சி ஒன்றைக் குறிப்பெழுதி வைத்தார்கள். ஆண்கள் கரையில் நெருப்பருகே இருக்க, பெண்கள் அந்தக் குளிர்ந்த கடலில் மூச்சடக்கிச் சுழியோடி, மட்டிகளையும் சிங்க இறால்களையும் கூடையில் நிரப்பிக் கொண்டுவந்தார்களாம். இந்த மக்களின் நீச்சலும் சுழியோட்டமும் பெண்களின் கையிலேயே இருந்தன. வேலை முழுவதும் பெண்கள் தலையில் என்று இரங்கிய அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் சொந்த நாட்டில் அப்போது பெண்களுக்கு வாக்குரிமைகூட இருக்கவில்லை என்பது வேறு கதை.

இந்தக் கடற்கரைப் பெண்களில் உலகம் அறிந்தவர் துருகனினி. ஏறத்தாழ 1812 இல் பிறந்தவர். வெள்ளையர் வருகையில் தாயையும் சகோதரிகளையும் இழந்தவர். 1830 இல் ஜோர்ஜ் ஒகஸ்டஸ் ரொபின்சன் என்னும் அரச பிரதிநிதி, காடுகளில் எஞ்சியிருந்த ஆதிக்குடிகளைச் சந்திப்பதற்காக ரெஷேர்ஷ் குடாவிலிருந்து மேற்கே போட் டேவி வரை நடந்தபோது, வழிகாட்டிகளுள் ஒருவராகத் துருகனினியும் நடந்தார். நீந்தத் தெரியாத ரொபின்சனை ஆறுகளைக் கடக்கவைத்தவர்களும் இந்தப் பெண்கள்தான். தம்மக்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்று நம்பியே அவர் உதவினார் என்று பலர் கருதுகின்றனர். நடந்தது வேறு. அம்மக்கள் தூரத்துத் தீவொன்றுக்கு அனுப்பப்பட்டு அங்கே பெருந்தொகையாக மாண்டார்கள். 1876 இல் துருகனினி இறந்தபின் அவரது எலும்புக்கூட்டையே நூதனசாலையில் காட்சிக்கு வைத்தார்கள். இறந்து நூறு வருடங்களின் பின், 1976 இல்தான், அவரது சாம்பல் இந்தக் கடலில் கரைக்கப்பட்டது. தஸ்மேனியாவின் கடைசி ஆதிக்குடிப் பெண் என்று பாடப்புத்தகங்கள் நீண்டகாலம் எழுதின. அது பிழை. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கிறார்கள். பச்சையும் நீலமுமாக மின்னும் சிறு சிப்பிகளைக் கோத்து மாலை செய்யும் கலையைத் தாய்மார் மகள்மாருக்கு இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வெறுந்தேநீர் நிறத்தில் ஒரு துறை

துருகனினி நடந்த அந்தத் தென்கரையோரம் இன்று நடைப்பயணிகளுக்குப் பேர்போன பாதையாகிவிட்டது. கொக்கிள் கிரீக்கிலிருந்து மெலலூக்கா வரை 85 கிலோமீற்றர். ஆறு முதல் எட்டு நாட்கள் பிடிக்கும். உணவு, கூடாரம், அடுப்பு எல்லாவற்றையும் முதுகில் சுமக்கவேண்டும். முழங்கால் அளவு சேற்றில் இறங்கி நடக்கவேண்டும். மேற்கிலிருந்து வீசும் காற்று தென் அமெரிக்காவின் கீழ்ப்பகுதியை விட்டால் வழியில் பெரிய நிலமெதையும் தொடாமல் நேரே இந்த மலைகளில் வந்து மோதுகிறது. வருடத்துக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கோடை என்று சொல்லும் ஜனவரியிலும் மலையுச்சியில் பனி விழுவதுண்டு.

அவ்வளவு சிரமம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. ஹோபார்ட்டிலிருந்து சிறு விமானத்தில் முக்கால் மணித்தியாலத்தில் மெலலூக்காவில் இறங்கலாம். அங்கே விமான நிலையம் என்று ஒன்றில்லை. வெண்ணிறக் கற்கள் பரப்பிய ஒரு சிறு ஓடுபாதை மட்டும்தான். அதை அமைத்தவர் டெனி கிங். வெள்ளீயம் அகழ்ந்து வாழ்ந்தவர். இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பி, அண்டை வீடென்று சொல்ல ஒன்றுமில்லாத இந்த இடத்தில் 1991 இல் இறக்கும்வரை வாழ்ந்தார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் அவரது துணிச்சலை விரிவாக எழுதுகிறார்கள். எமக்கு அவரது மனைவி மார்கரெட்டை நினைக்கத்தான் தோன்றுகிறது. கடையும் வைத்தியசாலையும் கடலுக்கு அப்பால் இருக்க, இரண்டு பெண்பிள்ளைகளை அங்கே வளர்த்தவர் அவர்.

மெலலூக்காவில் விமானத்தை விட்டிறங்கிப் படகேறினால் பதேர்ஸ்ட் துறை. தண்ணீரைக் கையில் அள்ளினால் வெறுந்தேநீர் போலிருக்கும். அழுக்கல்ல. சுற்றிலுமுள்ள புல்வெளிகளின் உக்கிய மண்ணிலிருந்து ஊறிவரும் சாயம் அது. உப்பு நீரின் மேல் இந்தக் கபில நிற நன்னீர் ஒரு திரைபோல மிதக்கிறது. சூரிய ஒளி அடியில் இறங்குவதில்லை. ஆகவே, மற்ற இடங்களில் மிக ஆழத்தில் மட்டும் வாழும் கடலுயிர்கள் இங்கே சில மீற்றர் ஆழத்திலேயே வாழ்கின்றன. காற்றில்லாத காலையில் மலைகள் அந்தக் கரிய நீரில் தலைகீழாகத் தெரியும்.

மெலலூக்காவுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. செம்மஞ்சள் வயிற்றுக் கிளி என்னும் சின்னஞ்சிறு பச்சைக் கிளி, காட்டில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது இந்த இடத்தைச் சுற்றி மட்டும்தான். ஐம்பது கிராம் எடைகூட இராத இந்தப் பறவை, குளிர்காலத்தில் கடலைக் கடந்து அவுஸ்திரேலியப் பெருநிலத்துக்குப் பறந்து, வசந்தத்தில் திரும்பி வருகிறது. 2016 இல் திரும்பி வந்தவை இருபதுக்கும் குறைவு. இதோ முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கூண்டுகளில் வளர்த்த கிளிகளைக் கொண்டுவந்து விட்டு, பெட்டிக்கூடுகள் கட்டி, வேளாவேளைக்கு உணவு வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அண்மைய வருடங்களில் திரும்பும் கிளிகள் எழுபதைத் தாண்டியுள்ளன. பறவைகளைப் பார்ப்பதற்கென்று கட்டிய சிறு மரக்குடில் ஒன்று அங்கே இருக்கிறது. ஒக்டோபருக்கும் மார்ச்சுக்கும் இடையில் போனால் காணலாம். பக்கத்திலேயே இந்நிலத்தின் சொந்தக்காரர்களான நீட்வோனி மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் மரப்பாதை ஒன்றும் உண்டு. ஒன்றேகால் கிலோமீற்றர்தான். குழந்தைகளோடும் நடக்கலாம்.

மூழ்கிய ஏரி

இனி வடக்கே திரும்புவோம். ஹோபார்ட்டிலிருந்து மேற்கே மேடேனா என்னும் சிற்றூரைத் தாண்டி ஒரு தார்வீதி மலைகளுக்குள் நுழைகிறது. வனத்தின் நடுவே வாகனத்தில் போகக்கூடிய அருமையான வீதி. இருபுறமும் வெண்பாறை முகடுகள், பொன்னிறப் புல்வெளிகள். வீதியின் முடிவில் கோர்டன் அணைக்கட்டு, 140 மீற்றர் உயரத்தில் வில்போல வளைந்து நிற்கிறது. அதன் மேல் நடந்து பார்க்கலாம். வழியில் இடப்புறம் மலைகளுக்கு நடுவே விரிந்து கிடக்கும் பரந்த நீர்ப்பரப்புக்குப் பெடர் ஏரி என்று பலகை இருக்கும். உல்லாசப் பயணிகள் இறங்கிப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது பெடர் ஏரி அல்ல.

உண்மையான பெடர் ஏரி சுமார் பத்துச் சதுர கிலோமீற்றர் பரப்புடைய ஓர் இயற்கை ஏரி. அதன் கிழக்குக் கரையில் இளஞ்சிவப்பு நிறப் படிக மணலால் ஆன கடற்கரை போன்ற ஒரு கரை இருந்தது. நீளம் மூன்று கிலோமீற்றர். கோடையில் நீர் இறங்கும்போது அகலம் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர்வரை போகும். சிறு விமானங்கள் நேரே அந்த மணலில் வந்து இறங்கின. 1955 இல் இந்த ஏரியைச் சுற்றித் தேசியப் பூங்கா ஒன்றை அரசு பிரகடனப்படுத்தியது. 1967 இல் அதே அரசு அந்தத் தகுதியை நீக்கியது. நீர்மின் திட்டத்துக்காக ஆறுகளை மறித்து மூன்று அணைகள் கட்டுவது என முடிவாயிற்று. 1972 இல் நீர் ஏறத் தொடங்கியது. இன்று அந்த மணற்கரை சுமார் பதினைந்து மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. நாம் வீதியிலிருந்து காண்பது 240 சதுர கிலோமீற்றருக்கு விரிந்த நீர்த்தேக்கம். பெயரை மட்டும் அதற்குக் கொடுத்துவிட்டார்கள்.

மின்சாரத்தைக் குறைசொல்லி எழுத எமக்கு மனமில்லை. நீர்மின்சாரம் தஸ்மேனியாவுக்குத் தொழிற்சாலைகளையும் வேலைகளையும் கொடுத்தது. நிலக்கரி எரிக்காத மின்சாரம் என்று இன்று அவர்கள் பெருமைப்படவும் அதுவே காரணம். ஆனாலும் வேறு வழிகள் முழுமையாக ஆராயப்படவில்லை என்பதே அன்று எதிர்த்தவர்களின் வாதம். அந்த எதிர்ப்பின் நடுவே, 1972 மார்ச்சில் ஹோபார்ட் நகர மண்டபத்தில் கூடியவர்கள் ஐக்கிய தஸ்மேனியக் குழு என்னும் கட்சியைத் தொடங்கினார்கள். உலகின் முதலாவது பசுமைக் கட்சி அதுதான் என்று கருதப்படுகிறது.

ஒலெகஸ் ட்ருகானஸ் என்பவரை இங்கே குறிப்பிடாமல் விடமுடியாது. லித்துவேனியாவிலிருந்து அகதியாக வந்தவர். மின்சார ஆணைக்குழுவிலேயே எழுதுவினைஞராக வேலைபார்த்தவர். விடுமுறைகளில் தனியே இந்த வனத்துக்குள் போய்ப் படமெடுப்பார். 1967 பெப்ரவரியில் ஹோபார்ட்டைச் சூழ்ந்த காட்டுத்தீயில் அவரது வீடும் பல வருடப் படங்களும் எரிந்தன. மறுபடி முதலிலிருந்து எடுக்கத் தொடங்கினார். பெடர் ஏரியின் படங்களை மண்டபங்களில் காட்டியபோது சனம் நிறைந்து வழிந்தது. 1972 ஜனவரியில் கோர்டன் ஆற்றில் விழுந்து இறந்தார். வனத்தைக் காக்கும் வேலையை அவரது மனைவி மெல்வா பின்னரும் விடவில்லை.

அடுத்து பிரெண்டா ஹீன். ஹோபார்ட்டில் வாழ்ந்த, அறுபது வயதைத் தாண்டிய பெண்மணி. தேவாலயப் பணிகளில் ஈடுபட்டு வந்தவர். கூச்சல்போட்டுப் பழகாதவர். ஏரி மூழ்கப் போகிறது என்று அறிந்ததும் கூட்டங்களில் பேசினார், தேர்தலில் நின்றார், கடிதம் எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை. 1972 செப்டெம்பரில் கடைசி முயற்சியாக, மக்ஸ் பிரைஸ் என்னும் விமானியோடு பழைய டைகர் மொத் விமானம் ஒன்றில் தலைநகர் கன்பராவுக்குப் பறப்பதென்று தீர்மானித்தார். பாராளுமன்றத்துக்கு மேலே வானத்தில் புகையால் ஏரியைக் காப்பாற்றும்படி எழுதுவது அவர்களின் திட்டம்.

புறப்படுவதற்கு முன் அவருக்கு மிரட்டல் தொலைபேசி அழைப்பொன்று வந்தது. விமானம் நிறுத்திவைக்கப்பட்ட கொட்டகையை யாரோ உடைத்து நுழைந்திருந்தார்கள். ஆபத்து வேளையில் இடத்தைக் காட்டிக்கொடுக்கும் கருவி விமானத்தில் இருக்கவில்லை. பின்னர் அது கொட்டகையிலேயே மறைத்து வைக்கப்பட்டிருக்கக் கண்டார்கள். செப்டெம்பர் 8 ஆம் திகதி திறந்த அந்தச் சிறு விமானத்தில் இருவரும் புறப்பட்டார்கள். தஸ்மேனியாவின் கிழக்குக் கரையோரமாக வடக்கே பறந்ததைக் கண்டவர்கள் உண்டு. அதன்பின் எவரும் காணவில்லை. தேடினார்கள். விமானத்தின் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. முழுமையான பகிரங்க விசாரணை வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவேயில்லை. யார் மீதும் குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை. பழைய விமானம் தானாகவே கடலில் விழுந்திருக்கலாம் என்பதையும் மறுக்கமுடியாது.

1973 இல் மத்திய அரசின் விசாரணைக் குழு, நீரை வடித்து ஏரியைக் காப்பாற்றும் வாய்ப்பைத் திறந்து வைக்குமாறு பரிந்துரைத்தது. செலவுக்குப் பணம் தரவும் மத்திய அரசு முன்வந்தது. மாநில அரசு மறுத்துவிட்டது. அந்த ஏரியில் மட்டும் வாழ்ந்த மண்புழு இனமொன்று அழிந்துபோனதாக அறிவிக்கப்பட்டது. பெடரின் சிறு மீன் இனமொன்று ஏரியில் இல்லை. முன்கூட்டியே பிடித்து வேறு நீர்நிலைகளில் விட்டதால் அங்கே பிழைத்திருக்கிறது. பிற்காலத்தில் சுழியோடிப் பார்த்தவர்கள், மணற்கரை பெரிதாகக் குலையாமல் மெல்லிய வண்டலின் கீழ் அப்படியே கிடப்பதாகச் சொன்னார்கள். நீரை வடித்து ஏரியை மீட்கவேண்டும் என்று கேட்பவர்கள் தஸ்மேனியாவில் இன்றும் இருக்கிறார்கள்.

தப்பிய ஆறு

பெடர் மூழ்கிப் பத்து வருடங்களின் பின் அதே கதை பிராங்க்ளின் ஆற்றில் திரும்ப இருந்தது. ஆனால் இம்முறை சனங்கள் ஆயத்தமாக இருந்தார்கள். அந்த ஆறு வெறும் கபில நிறச் சாக்கடை, அட்டைகள் நிறைந்தது என்று அப்போதைய மாநில முதலமைச்சர் சொன்னார். அட்டைகள் இருப்பது உண்மைதான். 1982 டிசம்பர் 14 ஆம் திகதி முதல், நாடெங்கிலுமிருந்து வந்தவர்கள் சிறு படகுகளில் போய் அணைகட்டும் இயந்திரங்களை மறித்தார்கள். 1,200 பேருக்கு மேல் கைதானார்கள். தாய்மாரும் பாட்டிமாரும் மாணவிகளும் அவர்களில் இருந்தார்கள். கிறிஸ்டீன் மில்ன் என்னும் இளம் ஆசிரியையும் சிறைக்குப் போனார். பிற்காலத்தில் அவர் அவுஸ்திரேலியப் பசுமைக் கட்சியின் தலைவியானார். 1983 ஜூலை முதலாம் திகதி, நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் உயர் நீதிமன்றம் அணையைத் தடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டெனத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதியரசரின் முடிவில் ஆறு தப்பியது.

அணை கட்டப்பட்டிருந்தால் குட்டிகீனா என்னும் குகையும் மூழ்கியிருக்கும். பனிக்காலத்தில், ஏறத்தாழ இருபதாயிரம் வருடங்களுக்கு முன், மனிதர் அதில் வாழ்ந்து வல்லபி என்னும் சிறு கங்காருகளை வேட்டையாடி உண்ட தடயங்கள் 1981 இல் வெளிவந்தன. அக்காலத்தில் உலகில் இவ்வளவு தெற்கே வேறெவரும் வாழ்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. 1995 இல் குகை ஆதிக்குடிச் சமூகத்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

பிராங்க்ளினில் காற்றடைத்த படகில் போவதற்கு எட்டுப் பத்து நாட்கள் வேண்டும். உயிராபத்தும் உண்டு. அதற்கு ஆயத்தமில்லாதவர்கள் மேற்குக் கரையிலுள்ள ஸ்ட்ரான் என்னும் சிறு துறைமுக ஊரிலிருந்து கோர்டன் ஆற்றில் உல்லாசப் படகேறலாம். வழியில் சாரா தீவு வரும். 1822 முதல் 1833 வரை பிரித்தானியர் கைதிகளை வைத்து வதைத்த இடம். ஆற்றங்கரையில் இறங்கி மரப்பாதையில் நடந்தால் ஹியூவன் பைன் மரங்களைப் பார்க்கலாம். வருடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவே பருக்கும் மரம். இரண்டாயிரம் வருடங்களைத் தாண்டியவையும் உண்டு. அதன் எண்ணெய்ப் பிடிப்பால் மரம் உக்குவதில்லை, பூச்சி அரிப்பதில்லை. கப்பல் கட்டுவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லை என்று வெட்டித் தள்ளினார்கள். இன்று உயிருள்ள மரத்தை வெட்டமுடியாது. விழுந்ததும் நீரில் ஆழ்ந்ததுமான கட்டைகளை மட்டும் எடுத்து வேலைப்பாடு செய்கிறார்கள். ஸ்ட்ரானில் ஒரு சின்னக் கிண்ணமோ கரண்டியோ வாங்கினால் அதன் வாசனை வருடக்கணக்கில் போகாது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்த வனத்துக்கு இப்போதைய பெரிய ஆபத்து அணையல்ல, தீ. மழையில்லாத மின்னல்கள் கூடிவருகின்றன. 2016 இலும் 2019 இலும் அவ்வாறு மூண்ட தீ வாரக்கணக்கில் எரிந்தது. தீக்குப் பழக்கப்படாத பழைய பைன் மரங்கள் ஒருமுறை எரிந்தால் திரும்ப முளைப்பதில்லை. உக்கிய தாவரங்களாலான மண்ணே உள்ளுக்குள் கனன்று எரியும். ஹியூவன் ஆற்றங்கரைக் காட்டில் மர உச்சிகளுக்கு மேலே அமைத்த தஹூன் நடைபாலமும் 2019 தீயில் சேதமடைந்தது. ஒரு வருடத்தின் பின் மீண்டும் திறந்தார்கள். முதியவர்களும் நடக்கக்கூடிய இடம் என்பதால் ஹோபார்ட்டிலிருந்து ஒருநாள் பயணமாகப் போய் வரலாம்.

ஆகவே வனத்துக்குள் விறகு மூட்டிச் சமைக்கத் தடை. சிறு வாயு அடுப்புத்தான் கொண்டுபோகவேண்டும். மரங்களின் வேரை அழுகவைக்கும் ஒருவகை நோய் சேற்றோடு பரவுவதால், நுழையும் இடங்களில் சப்பாத்தைக் கழுவச் சொல்வார்கள். அலுப்புப் பார்க்கவேண்டாம். தேசியப் பூங்காவுக்கு அனுமதிச்சீட்டு வாங்கவேண்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். ஆனால் எந்த மாதத்திலும் கம்பளி உடுப்பும் நல்ல மழை அங்கியும் வேண்டும். வீதியை விட்டு விலகினால் கைத்தொலைபேசி வேலைசெய்யாது. பல நாள் நடப்பவர்கள் செய்மதி வழியாக உதவி கோரும் கருவியை எடுத்துச் செல்கிறார்கள். சேலை உடுத்தே பழகியவர்கள் இந்த ஒரு பயணத்துக்குக் களிசான் அணிந்துகொள்வது நல்லது. அட்டை கடிப்பது நிச்சயம். சாம்பலோ உப்போ எடுத்துப் போங்கள்.

தென்கரைப் பாதையில் நடக்கும் துணிவுள்ள இளம் வாசகிகளுக்கு ஒன்று. வழியில் நியூ ரிவர் என்னும் கடல்நீரேரியைத் துடுப்புப் படகில்தான் கடக்கவேண்டும். படகோட்டி இல்லை. இரு கரையிலும் படகுகள் விட்டிருப்பார்கள். நாம் ஒன்றில் கடந்து, அக்கரையிலுள்ள படகைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பி வந்து அதை இக்கரையில் விட்டு, மறுபடி கடக்கவேண்டும். அதாவது மூன்று தரம் துடுப்பு வலிக்கவேண்டும். மழையில் நனைந்து களைத்துப் போயிருக்கும்போது ஒருதரம் கடந்தால் போதும் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்தால் பின்னால் வருகிறவர், உணவு முடிந்த நிலையில், கரையில் படகில்லாமல் நிற்பார்.